துண்டுக்கடியில் மூன்று விரல்

ஆண்மையின் விலை எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு மண்டலத்துக்கு. தேன் தனி, நாட்டுக்கோழி முட்டை தனி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியில் மாதம் ஒருமுறை வந்து இறங்கும் பரம்பரை வைத்தியர் அதற்கு மேல் கேட்டதும் இல்லை, கீழே இறங்கியதும் இல்லை. சின்ன வெங்காயம், பூட்டு, ஆட்டுத்தோல் என்று எதையும் இழுத்துப் பேசாமல் வாங்காத ஊரில், சொன்ன விலைக்கு விற்ற ஒரே சரக்கு அதுதான். பேரம் பேச வேண்டுமென்றால் சரக்கின் பெயரைச் சொல்ல வேண்டும். படியேறி வந்தவர்களில் அந்தப் பெயரைச் சொல்லும் தெம்பு யாருக்கும் இல்லை.

மாட்டுத் தரகர் மொக்கைச்சாமிக்கும் இல்லை. அவரை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கே விற்கிறவன் முந்நூறு ரூபாய் இறங்கிவிடுவான். அப்படிப்பட்டவர் வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து, மூச்சுக் காட்டாமல் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் லேகியத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போயிருக்கிறார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவது கிடையாது. தரகரும் வியாபாரியும் கைகோர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று, நூறா ஆயிரமா என்பது பிடிக்கிறவருக்கும் பிடிபடுகிறவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். இந்தத் தொழிலில் மொக்கைச்சாமி ஒரு சட்டம் வைத்திருந்தார். இவன் சொன்னதை அவனிடம் சொல்வதில்லை, அவன் சொன்னதை இவனிடம் சொல்வதில்லை. அந்தச் சட்டத்தில்தான் சாணார்பட்டிக்குக் கிழக்கே ஓட்டு வீடு எழுந்தது, மகள் கல்யாணம் முடிந்தது.

அது இரண்டாயிரத்து மூன்று. மழை ஏய்த்துக்கொண்டே வந்த வருஷங்கள். கண்மாயில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தீவனம் வாங்க வழியில்லாதவர்கள் உழவுமாட்டை வந்த விலைக்குக் கேரளா லாரியில் ஏற்றினார்கள். தரகருக்கு ஓயாத வேலை. ஒட்டன்சத்திரம் போனால் மணப்பாறை, மணப்பாறை போனால் ஒட்டன்சத்திரம். வீட்டுக்கு வந்தால் கட்டிலை வெளியே இழுத்து வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டு, சுருட்டைப் பற்றவைத்து, வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அவர் மனைவி பேச்சாயி நத்தம் வியாபாரி ஒருவருக்குக் கூலிக்குப் புளி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் அவள் வீட்டு முற்றத்தில் குந்தி, ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். கையெல்லாம் கருத்து, நகக்கண் எரியும். எரிச்சல் தெரியாமல் இருக்க வாய் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் முதல் வாய் மொக்கைச்சாமியின் அக்காள் கருப்பம்மாளுடையது.

"ஏன் பேச்சி, எந்தம்பி ஏன் வெளியவே கெடக்கான்?"

"உள்ள புழுங்குதாம் மதினி."

"ரெண்டு வருசமாவா புழுங்குது? மார்கழியிலயுமா?"

"ஒங்க தம்பி ஒடம்புச் சூடு அப்பிடி. மார்கழிக்கெல்லாம் அடங்காது."

பெண்கள் சிரித்தார்கள். கருப்பம்மாள் சிரிக்கவில்லை. "இருக்கட்டும். பேரன் எடுத்தாச்சு. இனி அவன் எங்க படுத்தா ஒனக்கென்ன வந்துச்சு?"

"பேரன் எடுத்துட்டா சோறு திங்கிறத நிப்பாட்டிர்றமா? நீங்க நாலு பேரன் எடுத்தவுக. நேத்து கருவாட்டுக் கொழம்புக்கு ரெண்டாந்தரம் தட்ட நீட்டலையாக்கும்?"

இந்தத் தடவை சிரிப்பு அடங்கச் செத்த நேரம் பிடித்தது. ஒருத்தி புளியங்கொட்டையை எடுத்துக் கருப்பம்மாள் மடியில் எறிந்தாள். பேச்சாயியும் சிரித்தாள். ஆனால் புளி தட்டும் கட்டை மட்டும் வேண்டியதைவிடப் பலமாக விழுந்துகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. ஒருநாள் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"மணப்பாறையில எவளும் இருக்காளா? இருந்தாச் சொல்லிரு. நானும் வந்து பல்லப் பாத்து வெல சொல்றேன்."

மொக்கைச்சாமி சிரித்தார். பாதிச் சிரிப்பில் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "எவளும் இல்ல புள்ள. எவ இருந்தும் பிரயோசனமில்ல."

அவளுக்குப் புரிந்தது. கையைத் தட்டிலேயே கழுவவிட்டு, "இதுக்கா இம்புட்டு நாளும் வேப்பமரத்தக் கட்டிக்கிட்டு கெடந்த? வா, டாக்டருகிட்டப் போவோம். பல்லு வலிக்குன்னா போறதில்லையா?" என்றாள்.

"வாய மூடு."

"ஏன் மூடணும்? எனக்கும் அதுல பங்கு இருக்குல்ல?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சுருட்டு நாற்றம் வந்தது. லாட்ஜில் வைத்தியர் நாடியைப் பிடித்து, கண்ணை மூடி, "வாலிபத்தில் செய்த தவறு. நரம்பு தளர்ந்துவிட்டது" என்று சொல்லியிருந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. வாலிபத்தில் யார்தான் என்னதான் செய்யவில்லை? யாரிடம் சொன்னாலும் பொருந்துகிற குற்றம் அது. மொக்கைச்சாமி அதை அப்படியே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். வைக்கோற்போருக்குள் டப்பாவை ஒளித்துவைத்துத் தினம் ஒரு உருண்டை தின்றார். பேச்சாயி பார்த்துக் கேட்டபோது, "சளிக்கு" என்றார். லேகியம் ஒன்றும் செய்யவில்லை. வைத்தியர் மறுபடியும் ஒரு மண்டலம் சொன்னார். மறுபடியும் எட்டாயிரத்து ஐந்நூறு.

பங்குனியில் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு முரட்டுக் காளையைக் கயிறு பிடித்து லாரிக்கு ஏற்றும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாட்டுக்காரர் பதறிப்போய், "ஏனுங்க தரகரே, என்னுங்க ஆச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று தாங்கினார். வேர்வை அடங்கியதும் தரகர் கேட்ட முதல் கேள்வி, "மாடு ஏறிருச்சா?"

பேச்சாயி விடவில்லை. திண்டுக்கல்லில் இருதய டாக்டர் அப்துல் வாஹித்திடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரின் அப்பா வெங்காய மண்டி வைத்திருந்தவர். அதனால் மருத்துவத்தையும் அவர் கொஞ்சம் மண்டிப் பாஷையில்தான் பேசுவார். மாரில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார். ரத்தம் எடுத்தார். சர்க்கரை இருநூற்று எண்பது.

"சுருட்டு எத்தனை?"

"ரெண்டுங்க."

"எட்டுங்க," என்றாள் பேச்சாயி.

"வேற மருந்து, நாட்டு மருந்து ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "தாம்பத்தியத்துல ஏதும் சிரமம் உண்டா?" என்றார்.

"அதெல்லாம் ஜம்முனு இருக்குங்கய்யா."

பேச்சாயி வாயைத் திறந்தாள். மேஜைக்கடியில் அவர் அவள் காலை மிதித்தார். வைத்தியரிடம் நெஞ்சுவலியைச் சொல்வதில்லை, டாக்டரிடம் லேகியத்தைச் சொல்வதில்லை. சந்தையில் எந்நாளும் சோறு போட்ட சட்டம். டாக்டர் மாத்திரைகள் எழுதினார். கூடவே ஒரு சின்ன மாத்திரை. நெஞ்சு அடைத்தால் நாக்குக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை அவர் இடுப்பு பெல்ட்டில், தரகுப் பணம் வைக்கும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

சித்திரையில் வைத்தியர் புது டப்பா கொடுத்தார். "இது தங்க பஸ்பம் சேர்ந்தது. காலையில் ஒரே ஒரு உருண்டை" என்றார். தங்கமாவது பஸ்பமாவது. மருந்துக் கம்பெனிகள் புதிதாக விற்க ஆரம்பித்திருந்த நீல மாத்திரையை வாங்கி, இடித்து, லேகியத்தோடு பிசைந்திருந்தார். எத்தனை மாத்திரைக்கு எவ்வளவு லேகியம் என்பதை அவர் கைதான் தீர்மானித்தது. அந்தக் கைக்கு அளவென்று ஒன்று கிடையாது.

டப்பா வந்த மறுநாள் புளி வேலை இல்லை. மதியத்துக்கு மேல் சிறுமலைப் பக்கம் கருத்தது. யாரும் நம்பவில்லை. போன வருஷமும் இப்படித்தான் கருத்து ஏமாற்றியது. ஆனால் முதல் காற்று வேப்பம்பூவை முற்றம் முழுக்கக் கொட்டியது. அடுத்து பெருந்துளி. ஓட்டின் மேல் யாரோ புளியங்கொட்டையை வாரி இறைத்த மாதிரி. பேச்சாயி கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மொக்கைச்சாமி வந்தார்.

"இன்னைக்காச்சும் உள்ள வந்தியே," என்றாள்.

"மழைக்குத்தான் வந்தேன்."

"மழை சீக்கிரம் விடாது."

ஒழுகுகிற இடத்தில் வாளியை வைக்கக் குனிந்தவள் கையைப் பிடித்தார். பிடித்த பிடியிலேயே அவளுக்குச் சேதி தெரிந்துவிட்டது. மேற்கொண்டு நடந்தது அவர்கள் வீட்டு விஷயம். வாளி நிரம்பி வழிந்ததை இருவரும் கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

மழை விட்டபின் பேச்சாயி அடுப்பை மூட்டினாள். கோழியைத் துரத்திவிட்டுக் கிடைத்த இரண்டு முட்டையை உடைத்து, சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து போட்டு வெஞ்சனம் வதக்கினாள். வாய் தானாக ஏதோ ராகம் முனகியது. வெளியே அவர் நனைந்த வைக்கோலைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தார். விசிலடித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு முந்திய விசில்.

விசில் நின்றது. எட்டிப் பார்த்தாள். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு பெல்ட் பையைத் திறந்து எதையோ வாயில் போட்டார். அவளைப் பார்த்து ஒன்றுமில்லை என்று கையாட்டினார். கை இறங்குவதற்குள் முட்டி மடிந்து, ஈர வைக்கோல் மேலேயே சரிந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கினாள். நெற்றி ஐஸாகச் சில்லிட்டிருந்தது. கண் மேலே சொருகிவிட்டது.

நல்லவேளை, புளி மூட்டை ஏற்றும் வேன் தெருமுனையில் சேற்றில் நின்றிருந்தது. டிரைவர் பாண்டி மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினான். கருப்பம்மாளும் முட்டிமோதி ஏறிக்கொண்டாள். திண்டுக்கல் வரும்வரை, "எந்தம்பிக்கு எவ கண்ணு பட்டுச்சோ" என்ற பாட்டுதான். பேச்சாயி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏய்யா, இந்தாய்யா, என்னப் பாரு" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைச் சுற்றிக் கூட்டம். பஸ் ஸ்டாண்டில் நின்ற சாணார்பட்டிக்காரர்கள் நாலு பேர் சேதி கேட்டு அதற்குள் வந்துவிட்டார்கள். நர்ஸ் சகாயசெல்வி கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

"பிரஷர் கேக்கவே இல்ல டாக்டர்."

டூட்டியில் இருந்த இளவயசு டாக்டர், பெல்ட் பையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "நாக்குக்கடி மாத்திரை ஒண்ணுக்கு இவ்வளவு இறங்காதே. வேற என்ன சாப்பிட்டாரு?" என்றார்.

"லேகியம் ஒண்ணு திம்பாருங்க. சளிக்குன்னாரு," என்றாள் பேச்சாயி.

சகாயசெல்வி அவளைப் பார்த்தாள். இந்த மாதிரி எத்தனையோ சளியைப் பார்த்தவள். "அக்கா, வெளிப்படையாக் கேக்குறேன். ஆம்பளைங்க சமாச்சாரத்துக்கு விக்கிறாங்களே, அந்த லேகியமா?"

"என்னம்மா கேள்வி இது?" கருப்பம்மாள் சீறினாள். "பேரன் எடுத்த மனுசனப் பாத்துக் கேக்குற கேள்வியா? எங்க வமுசத்துல அப்பிடி யாரும் இல்ல."

மொக்கைச்சாமியின் இமை லேசாகத் திறந்தது. எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. உதட்டில் ரத்தமில்லை, பேச நாக்கு எழவில்லை. இருந்தும் தலையை இடமும் வலமும் ஆட்டினார். இல்லையாம்.

சாகப்போகிறான், அப்போதும் விலையை வெளியே விடமாட்டேன் என்கிறான். பேச்சாயிக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது. பாண்டியின் தோளில் கிடந்த துண்டை உருவினாள். அவர் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டாள். இருபத்தைந்து வருஷம் தரகரோடு குடித்தனம் செய்தவள். மகளுக்கு எத்தனை பவுன் என்பதைக்கூடச் சம்பந்தகாரர்கள் எதிரில் அவர்கள் இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

குனிந்து அவர் காதில், "அந்த லேகியந்தானா?" என்றாள்.

துண்டுக்கடியில் கை ஒருமுறை அழுத்தியது.

"எம்புட்டு தின்ன?"

சில்லென்ற கை அவள் விரல்களைத் தேடியது. ஒன்று. இரண்டு. மூன்றாவதையும் சேர்த்துப் பிடித்தது.

பேச்சாயி துண்டை உருவித் தரையில் எறிந்தாள். கூட்டத்துக்கு எல்லாம் கேட்கும்படி, சந்தையில் ஏலம் கூவுகிற தொண்டையில் சொன்னாள்.

"சிஸ்டர், எழுதிக்கங்க. ஆம்பளச் சமாச்சாரத்துக்கான லேகியந்தான். ஒரு உருண்டை திங்க வேண்டிய எடத்துல மூணு தின்னுருக்காரு. மத்தியானம் மழையில நானும் அவரும் ஒண்ணா இருந்தோம். ரெண்டு வருசத்துக்குப் பெறகு. அதுக்கப்புறம் நெஞ்சு வலிச்சு நாக்குக்கடில மாத்திர வச்சாரு. இன்னும் என்ன தெரியணும்? கேளுங்க, சொல்றேன்."

சாணார்பட்டிக்காரர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

"அடி பாவி," என்று கருப்பம்மாள் தலையில் கைவைத்தாள். "மானத்தக் கப்பலேத்துறியேடி."

"போகட்டும் மதினி. மொதல்ல ஒங்க தம்பி எறங்கி வரட்டும்."

டாக்டர் அதற்குள் கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கச் சொல்லிவிட்டார். இரண்டு கையிலும் சலைன் ஓடியது. "அந்த நாக்குக்கடி மாத்திரைப் பக்கம் யாரும் போகக்கூடாது. பிரஷர் கொஞ்சம் ஏறினதும் நெஞ்சு வலிக்கு அதே ஜாதி மருந்தைத்தான் ஏத்தியிருப்போம்," என்று நர்ஸிடம் சொன்னவர், பேச்சாயி பக்கம் திரும்பி, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்றார். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்ததும் நாடி கேட்டது. மொக்கைச்சாமி கண்ணைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து, மறுபடியும் மூடிக்கொண்டார். இந்தத் தடவை வெட்கத்தில்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அவளோடு பேசவில்லை. ஊர் பேசியது. டீக்கடையில் அவர் தலையைக் கண்டால் பேச்சு நின்று இருமல் கேட்டது. அக்காள் தாவாக்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள். மறுபடி உடம்பைக் காட்டுகிற நாள் வந்ததும் பேச்சாயிதான் அவரைக் கிளப்பி டாக்டர் அப்துல் வாஹித் எதிரில் உட்காரவைத்தாள்.

"ஐயா, போன தடவை இவுக ஜம்முனு இருக்குன்னாக. ஜம்முனு இல்ல. ரெண்டு வருசமா இல்ல. அது ஏன்னு சொல்லுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "சின்ன வெங்காயம் உரிப்பீங்கள்ல? வெளித்தோலுக்கு உள்ள கண்ணாடித்தாள் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் அதைவிட நைஸா ஒரு தோல் இருக்கு. அது சும்மா கிடக்கிற தோல் இல்ல. ஒரு வாயுவை விடும்."

"வாயுவா?" மொக்கைச்சாமி முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஏப்பமா வருமே, அதா?"

"அது வேறய்யா. இது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நைட்ரிக் ஆக்சைடுன்னு பேரு. அது குழாய்ச் சுவருகிட்டப் போய், தளர்ந்து குடுன்னு உத்தரவு போடும். சுவர் தளர்ந்தா ரத்தம் பாயும். மனசுல ஆசை இருக்கலாம், நரம்பும் சேதி கொண்டுபோகலாம். இந்த வாயு வந்தாத்தான் மடை திறக்கும். உங்களுக்கு மடை திறக்கல."

"ஏன்?"

"சர்க்கரை ஒரு பக்கம், சுருட்டுப் புகை ஒரு பக்கம். அந்தத் தோலு கருகிப்போச்சு. வாயு ஊறல."

மொக்கைச்சாமி குனிந்தபடியே கேட்டார். "அப்ப, வாலிபத்துல செஞ்ச தப்புன்னு..."

"வாலிபத்துல நீங்க என்ன செஞ்சிருந்தாலும் சரி. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

அவர் தலை நிமிரவில்லை. ஆனால் தோள் இரண்டும், நுகத்தடியை இறக்கிய மாட்டுக்குத் தணிவதுபோலத் தணிந்தன. பேச்சாயி அப்போதுதான் அந்த வாலிபத் தப்பைப் பற்றிக் கேள்விப்படுகிறாள்.

"எவன் சொன்னான்?" என்றாள். "லாட்ஜு வைத்தியருதான்," என்று அவர் முனகினார்.

டாக்டர் தொடர்ந்தார். "வாயு போட்ட உத்தரவை வேலை முடிஞ்சதும் அழிக்கிறதுக்கு உடம்புல ஒரு ஆள் உண்டு. லேகியத்துல ஒரு நீல மாத்திரையக் கலந்திருக்கான், அது அந்த ஆளோட கையைக் கட்டிப்போடும். கொஞ்சூண்டு வாயு ஊறினாக்கூட வேலை நடக்கும். அதான் அன்னைக்கு நடந்துச்சு. நாக்குக்கடி மாத்திரை என்ன பண்ணும்னா, அதே வாயுவை உடம்பு பூராவும் கொட்டும். ஒரு பக்கம் உத்தரவு மேல உத்தரவு. அழிக்கிறவன் கையோ கட்டிக்கிடக்கு. கண்மாயில இருக்கிற அத்தனை மடையும் ஒரே நேரத்துல திறந்தா என்ன ஆகும்?"

"கண்மா காலி," என்றாள் பேச்சாயி.

"அதுதான் ஆச்சு. அவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாதுன்னு ரெண்டு பேருகிட்டயும் மருந்து வாங்கியிருக்கீங்க."

"அது இவுக தொழிலுங்கய்யா."

டாக்டர் சிரிக்காமல் இருக்க முயன்றார். "இன்னொண்ணும் சொல்றேன். அந்த எடத்துக்குப் போற குழாய் சின்னது. கெட்டுப்போறதா இருந்தா அதுதான் முதல்ல கெடும். நெஞ்சுக்குப் போற குழாய் கொஞ்சம் பெருசு, பின்னாலதான் அடைக்கும். ரெண்டு வருசத்துக்கு முந்தியே உடம்பு உங்களுக்கு நோட்டீஸ் விட்டிருக்கு. அதை எடுத்துக்கிட்டு நீங்க இங்க வரல, லாட்ஜுக்குப் போயிட்டீங்க."

"இனி?" என்றாள் பேச்சாயி. "இனி அது வருமா, வராதா?"

இத்தனை நேரடியாக ஒரு பெண்பிள்ளை அவரிடம் கேட்டதில்லை போலும். பேனாவை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். "சுருட்டை விடணும். சர்க்கரையை இறக்கணும். நடக்கணும். அந்தத் தோலு கொஞ்சம் தளிர்க்கும். எவ்வளவுன்னு நான் சீட்டு எழுதித்தர முடியாது. நெஞ்சு மாத்திரை இருக்கிறவரைக்கும் அந்த நீல மாத்திரை நெனப்பே கூடாது. அது மட்டும் உறுதி."

வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். மொக்கைச்சாமி பழக்கத்தில் சட்டைப்பையைத் தடவி, சுருட்டை எடுத்து, பார்த்தார். சாக்கடையில் போட்டார். பிறகு, பல நாளைக்கு அப்புறம், அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு வருசம் புள்ள. என்னமோ செஞ்சுட்டோம், அதான் சாமி வாங்குதுன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். மாட்டுக்கு வர்ற மாதிரி இதும் ஒரு நோக்காடுதானாம்ல."

"அந்த வைத்தியன் என்னைக்கு வருவான்?"

வைத்தியர் வருகிற தேதி அவருக்கு மனப்பாடம்.

அன்று இருவரும் முன்பக்கப் படி வழியாகவே ஏறினார்கள். மாடி வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஒருவர் பேப்பரை முகத்துக்கு நேரே தலைகீழாகப் பிடித்திருந்தார். தலையில் முக்காடு போட்ட இரண்டு பேர் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி இருந்தார்கள். பெண் குரல் கேட்டதும் பெஞ்சே சுருங்கியது.

"வைத்தியரே, வெளிய வாங்க," என்றாள் பேச்சாயி.

சந்தனப் பொட்டும் பட்டுத் துண்டுமாக வைத்தியர் கதவில் தோன்றினார். மொக்கைச்சாமியைப் பார்த்ததும் பொட்டு சுருங்கியது. "அம்மா, சத்தம் வேண்டாம். உள்ளே வாங்க, பேசிக்கலாம். உங்க மானத்துக்குத்தான் சொல்றேன்."

"எம் மானம் பெரிய ஆஸ்பத்திரியிலயே போயாச்சு. இனி போறதுக்கு ஒங்க மானந்தான் இருக்கு." மடியிலிருந்து டப்பாவையும் நெஞ்சு மாத்திரையையும் எடுத்து நீட்டினாள். "இதுல இருந்து மூணு உருண்டை எடுத்து இப்ப முழுங்குங்க. பின்னாடியே இந்த மாத்திரைய நாக்குக்கடில வைங்க. நாங்க ஓரமா நின்னு பாக்குறோம்."

வைத்தியர் டப்பாவைத் தொடவில்லை. "ஒரு உருண்டைதான் சொன்னேன். கூடத் தின்னா நான் பொறுப்பில்ல."

"அப்ப ஒண்ணே தின்னுங்க. தங்க பஸ்பந்தான? ஒடம்புக்கு நல்லதுதான?"

வைத்தியர் கதவைச் சாத்தப் பார்த்தார். மொக்கைச்சாமி காலைக் குறுக்கே வைத்தார். பெஞ்சிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். தின்கிறானா, தின்ன மாட்டானா என்பதில் அவர்களுக்கும் பங்கு இருந்தது.

"தரகரே, உள்ளே வாங்க. நமக்குள்ள முடிச்சுக்குவோம்," என்றார் வைத்தியர் தாழ்ந்த குரலில்.

"உள்ள வச்சு முடிக்கிற யாவாரம் நெறையப் பண்ணியாச்சு," என்றார் மொக்கைச்சாமி. பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். செருமிக்கொண்டார். "இந்தா பாருங்கப்பு, எம் பேரு மொக்கைச்சாமி. மாட்டுத் தரகு. எனக்கும் ஒங்கள மாதிரித்தான், ரெண்டு வருசமா எந்திரிக்கல. இவரு வாலிபத்துல செஞ்ச தப்புன்னாரு. தப்புமில்ல, ஒரு மண்ணுமில்ல. ரத்தக்குழாய்க்குள்ள ஒரு தோலு கருகிப்போச்சு, அம்புட்டுத்தான். இங்க வந்த சீக்கு அடுத்து நெஞ்சுக்கு வரும். மொதல்ல போயி சர்க்கரையப் பாருங்க, நெஞ்சப் பாருங்க. வெக்கப்பட்டுச் செத்துராதீங்க."

பேப்பர் பிடித்திருந்தவர் அதை மெதுவாக மடித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சர்க்கரைக்கும் இதுக்குமா சம்பந்தம்?" என்றார்.

"ஒங்களுக்கு இருக்கா?"

"பத்து வருசமா இருக்கு."

"பெறகென்ன?"

அவர் எழுந்தார். முக்காடுகளில் ஒன்று எழுந்தது. மற்றொன்றும் எழுந்து, முக்காட்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டது. எல்லாரும் எழவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். நம்பிக்கையை அவ்வளவு சுலபமாக யாரும் விட்டுத்தருவதில்லை. வைத்தியர் அடுத்த மாதம் வேறு ஊர் லாட்ஜில் இறங்கியிருப்பார். அதைத் தடுக்கும் வல்லமை பேச்சாயிக்கு இல்லை. ஆனாலும் அன்று இறங்கியவர்கள் முன்பக்கப் படி வழியாகவே இறங்கினார்கள்.

சாணார்பட்டி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மொக்கைச்சாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ பெரிய மாட்டை ஏற்றி முடித்த களைப்பு முகத்தில். முன்சீட்டில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் காதை மட்டும் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார்கள். பேச்சாயி அதைக் கவனித்தாள். குரலைத் தணிக்கவில்லை.

"கணக்குப் பாப்போமா?" என்றாள்.

"என்ன கணக்கு?"

அவள் விரலை மடக்கினாள். "சுருட்டு நின்னுருச்சு, அது வரவு. சக்கரை எறநூத்தி எம்பதுல இருந்து நூத்தி அறுவதுக்கு எறங்கிருச்சு, அதும் வரவு. வாலிபத்துத் தப்பு தள்ளுபடி. ஊரு வாயில நம்ம மானம் செலவு, அத எழுதிற வேண்டியதுதான். லாட்ஜுல குடுத்தது வாராக்கடன்."

அவர் தயங்கினார். பிறகு, முன்சீட்டுக் காதுகளுக்கும் கேட்கும்படியே கேட்டார்.

"அந்த ஒண்ணு?"

"அது பாக்கி," என்றாள் பேச்சாயி. "இருக்கட்டும். ஆளுதான் உசுரோட இருக்கேல்ல. மெதுவா வசூல் பண்ணிக்கிறேன்."